கப்பலேறும் விஜய் சூப்பர்

எஞ்சினின் எல்லா வாய்களையும் அடைத்தாகிவிட்டது. கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் டியூப் ரப்பர், சைலன்ஸர் மாட்டும் இடத்தில் ஒரு தகடு. பிளக் துவாரத்தில் பழைய பிளக்கின் கூடு ஒன்றைத் திருகி, அதில் சைக்கிள் டியூபின் வால்வைப் பற்றவைத்திருந்தார்கள். பட்டறைப் பையன் சைக்கிள் பம்பை நிதானமாக இரண்டு அழுத்து அழுத்தினான். பாய் பெயின்ட் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணியைத் தொட்டு எஞ்சின் மேல் தடவிக்கொண்டே வந்தார். மேக்னட் பக்கத்து ஆயில் சீலின் ஓரத்தில் கடுகளவு குமிழ் ஒன்று எழுந்து, பெருத்து, உடைந்தது.

“பாத்தீங்களா சார்? அங்க போய் நடுரோட்டுல நிக்கவைக்கப் போறவன் இவன்தான்” என்றார், ஏதோ திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த தொனியில்.

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது இந்தத் தகரக் கூரைப் பட்டறை. பாய்க்கு அறுபது தாண்டிவிட்டது. பழைய ஸ்கூட்டர் என்றால் சுற்று வட்டாரத்தில் இவரிடம்தான் வருகிறார்கள். ‘சார்’ சிதம்பரம்காரர், அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெஞ்சில் கிடப்பது அவருடைய 1982 மாடல் விஜய் சூப்பரின் எஞ்சின். மகள் லண்டனில் இருக்கிறாள். இங்கிலாந்தின் தெற்குக் கரையை ஒட்டிய ஐல் ஆஃப் வைட் தீவில் ஆகஸ்ட் கடைசி வாரம், வங்கி விடுமுறையை ஒட்டிப் பெரிய ஸ்கூட்டர் ராலி நடக்கும். ரைடு என்ற கடலோர ஊரில் ஆயிரக்கணக்கில் வெஸ்பாவும் லாம்ப்ரெட்டாவும் கூடும். அந்தக் கூட்டத்தில் தன் வண்டியும் நிற்க வேண்டும் என்பது சாரின் ஆசை. அவருக்கும் வண்டிக்கும் அதுதான் முதல் வெளிநாடு. அதற்கான வேலை நடப்பதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

ஒரு குமிழுக்கு ஏன் இத்தனை கலவரம்? டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், அங்கிருந்துதான் சிலிண்டருக்கு ஏறும். சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை மெலியும். ஆயிலும் அந்தக் கலவையோடுதான் வருகிறது. அது குறைய, சூடு ஏற, பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். முதுநகரில் கிளம்பி மஞ்சக்குப்பம் போய் வருகிற ஓட்டத்தில் இது தெரியவே தெரியாது. ரயில்வே கேட், சந்தை நெரிசல், டீக்கடை என்று வண்டிக்கு ஆற நேரம் கிடைத்துவிடும். லண்டனில் இருந்து போர்ட்ஸ்மவுத் துறைமுகம் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரே பிடியாக ஆக்ஸிலேட்டரைத் திருகி ஓட்ட வேண்டும். அதன் பிறகு வண்டியோடு படகேறித் தீவுக்குப் போக வேண்டும். சாலையில் இடப்பக்கமாகவே போகலாம் என்பது ஒன்றுதான் நம்மவருக்கு அங்கே சலுகை.

விஜய் சூப்பர் என்கிற பெயரை இங்கிலாந்துக்காரர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வண்டியைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். மிலானில் இன்னோசென்டி கம்பெனி 1947 முதல் லாம்ப்ரெட்டா செய்துவந்தது, 1971-இல் நிறுத்திவிட்டது. மறு ஆண்டு தொடங்கப்பட்ட நம் பொதுத்துறை நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா, அந்த ஆலையின் இயந்திரங்கள், வரைபடங்கள், பெயர் உரிமை எல்லாவற்றையும் விலைக்கு வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்தது. 1975-இல் உற்பத்தி ஆரம்பமானது. உள்ளூர்ச் சந்தைக்கு விஜய் டீலக்ஸ், விஜய் சூப்பர். ஏற்றுமதிக்கு லாம்ப்ரெட்டா ஜிபி. 1997 வரை லக்னோவில் ஸ்கூட்டர் செய்தார்கள். 2021-இல் மத்திய அமைச்சரவை அந்த நிறுவனத்தையே மூட ஒப்புதல் கொடுத்துவிட்டது.

ஐரோப்பாவில் வாரக் கடைசிப் பொழுதுபோக்காக ஆகிவிட்ட வண்டி, நம் ஊரில் இன்னும் இருபது முப்பது ஆண்டுகள் ஆபீஸுக்கும் ரேஷன் கடைக்கும் போய்க்கொண்டிருந்தது என்பதுதான் இதில் முக்கியம். பாயின் பழைய வாடிக்கையாளர்கள் யார் என்று கேட்டால் மாவட்டமே அந்தப் பட்டியலில் இருக்கிறது: நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்டுக்குப் போனவர்கள், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்காரர்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழக ஊழியர்கள். மாதச் சம்பளக்காரனுக்கு வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் லீவு. அதனால் கிடைத்ததைப் பொருத்தி, கிடைக்காததை லேத்தில் கடைந்து, சாயங்காலத்துக்குள் வண்டியை ஓடவைப்பதே தொழிலாக இருந்தது. 2011 டிசம்பரில் தானே புயல், 2015-இல் வெள்ளம். அப்போதெல்லாம் சேற்றுத் தண்ணீர் குடித்த எஞ்சின்களைப் பிரித்துக் கழுவி மறுபடி ஓடவைத்திருக்கிறார் பாய். இந்தக் கைப்பழக்கம் எந்த வரைபடத்தோடும் மிலானில் இருந்து வந்ததில்லை.

ஆனால் ராலிக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. சார் முதலில் கையில் படங்களோடு வந்தாராம். குரோம் பூசிய கம்பிகள், ஏகப்பட்ட விளக்குகள், பளபளக்கும் பக்கத் தகடுகள். பாய் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “ஜோடனை கடைசியில சார். மொதல்ல பிரேக்கு, பேரிங், சீலு, கேபிளு. இது நாலும் முடியாம பெயின்ட் டப்பா தொறக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். இந்தியாவில் அவசரமாகப் பூசி மினுக்கி ஏற்றுமதியான பழைய ஸ்கூட்டர்கள் மேல் இங்கிலாந்துக்காரர்களுக்கு அவநம்பிக்கை உண்டு என்பது சாருக்கும் தெரியும். மேல்பூச்சைச் சுரண்டினால் பட்டியும் துருவும் வருகிற வண்டியோடு அங்கே போய் நிற்கக் கூடாது என்பதில் இருவரும் ஒரே கட்சி.

சீல் இரண்டும் புதிதாகப் போட்டு மறுபடி பம்ப் அடித்தார்கள். நுரை அசையவில்லை. அடுத்தது பாயிண்ட். மேக்னட்டுக்குள் இருக்கும் பாயிண்ட் திறக்கிற நொடியில்தான் பிளக்கில் பொறி வரும். அந்த நொடியைப் பிடிக்க மீட்டர் இருக்கிறது. பாய் அதைத் தேடவில்லை. சிகரெட் பெட்டியைச் சுற்றி வரும் கண்ணாடித் தாளில் ஒரு கீற்றைக் கத்தரித்துப் பாயிண்டின் இரண்டு வாய்க்கும் நடுவில் செருகினார். இடது கையால் தாளை லேசாக இழுத்துப் பிடித்தபடி, வலது கையால் மேக்னட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். தாள் நழுவியது. அந்த இடத்தில் மேக்னட்டில் உள்ள கோடும் கேசிங்கில் உள்ள கோடும் நேருக்கு நேர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஸ்டேட்டர் தட்டின் திருகுகளைத் தளர்த்தி, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் ஒரு தட்டு. மறுபடி தாள். இப்படியே தாள் நழுவுவதும் கோடுகள் சேருவதும் ஒரே கணத்தில் நடக்கும் வரை ஓயவில்லை. பையன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். “நீ பண்ணு” என்று தாளை அவன் கையில் கொடுத்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டார்.

வண்டியின் உடம்பு வேலை சிதம்பரத்தில். முதுநகரில் இருந்து அங்கே போகும் சாலை சிப்காட் தொழிற்பேட்டை, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று போகும். முட்லூர் பக்கம் பிரிந்து போனால் பரங்கிப்பேட்டை. 1830-களில் ஹீத் என்கிற ஆங்கிலேயர் அங்கே இரும்பு உருக்காலை நடத்தி, இங்கிலாந்துக்கே இரும்பு ஏற்றுமதி செய்தார். இந்தக் கரையில் இருந்து உலோகம் கப்பலேறுவது புதிய சங்கதி இல்லை.

சிதம்பரத்தில் தேரோடும் வீதிகளைத் தாண்டி, ஊருக்கு வெளியே இருக்கிறது டிங்கர் பட்டறை. டிங்கரிங் மேஸ்திரி சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருக்கிறார். வண்டியின் முன் தகட்டில் அதை ஒட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டே போவார். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கடற்காற்று இந்த வண்டிகளைக் கீழே இருந்து தின்கிறது. கால் வைக்கும் பலகையின் ரப்பர் பட்டைக்கு அடியில் ஈரம் தங்கி, மேலே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே அடியில் தகடு அப்பளம் ஆகிவிடுகிறது. இந்த வண்டியிலும் அதே கதை. அழுகிய பகுதியை வெட்டி எடுத்து, அளவாகப் புதுத் தகடு வைத்து, கேஸ் வெல்டிங்கில் சேர்த்திருந்தார். இரும்பு டாலியை அடியில் கொடுத்து, மேலே சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்து, கடைசியில் கண்ணை மூடி உள்ளங்கையால் ஒரு தடவல். “கண்ணு ஏமாந்துடும். கை ஏமாறாது” என்றார். பட்டியைக் கூடியவரை தவிர்க்கிறார். கப்பலில் வாரக்கணக்கில் அதிர்ந்தால் கனமான பட்டி விரிசல் விடும் என்பது அவர் கணக்கு.

பெட்ரோலும் ஒரு பிரச்சினை. இப்போது நம் பங்க்குகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பரில் இருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். ஆகவே பெட்ரோல் குழாய், வாஷர், கார்புரேட்டர் ஊசி எல்லாம் புதிது. டாங்குக்குள் ஒரு கைப்பிடி நட்டைப் போட்டுக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி துருவை உதிர்த்தார்கள். நம் ஊர் வெயிலை விட அங்கே காற்று குளிர்ச்சி. குளிர்ந்த காற்றில் அடர்த்தி அதிகம் என்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிந்துவிடும். பாய் ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட்டையும் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார். போய் இறங்கிக் கொஞ்ச தூரம் ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காபிப்பொடி நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் பெரிய ஜெட். கறுத்துக் கரி பிடித்திருந்தால் பழையதே போதும்.

இவ்வளவையும் செய்து முடித்தவர்களைத் திணறடித்தது காகிதம்தான். வண்டியைத் தற்காலிகமாக வெளிநாடு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர ‘கார்னே’ என்கிற சுங்க ஆவணம் எடுக்கிறார்கள். மும்பையில் உள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் அதைத் தருகிறது. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியே அதில் ஏறும். எண்ணின் மேல் தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தபோது, சேஸிஸ் எண் பொருந்தியது, எஞ்சின் எண் பொருந்தவில்லை. எப்போதோ கேசிங் விரிசல் விட்டு, வேறொரு வண்டியின் கேசிங்கை மாட்டியிருக்கிறார்கள். மாட்டியவர் பாயேதான். அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனம். வண்டி அன்று மாலையே ஓடியது. இன்றைக்கு அதுவே ஆட்சேபணை. பழைய ரசீதுகளைத் தேடி எடுத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஆர்.சி.யில் எண்ணை மாற்றி எழுதி வாங்கிய பிறகுதான் அடுத்த கட்டம் நகர்ந்தது.

பெட்டி விஷயத்திலும் ஒரு பாடம். உள்ளூர்த் தச்சர் நாட்டு மரத்தில் யானை ஏறி நின்றாலும் அசையாத பெட்டி செய்து கொடுத்தார். கப்பல் ஏஜென்ட் படத்தைப் பார்த்ததுமே வேண்டாம் என்றுவிட்டார். மரத்தின் வழியாகப் பூச்சி பரவக் கூடாது என்பதற்காக உலக அளவில் ஒரு விதி இருக்கிறது: ஏற்றுமதிப் பெட்டியின் மரம் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும், அதற்கான முத்திரை பலகையில் இருக்க வேண்டும். முத்திரை போட்ட மரம் சென்னையில் இருந்து வந்தது. அதே தச்சர் அதே அளவில் மறுபடி அடித்தார். பெட்ரோலை ஒட்ட வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, இந்திய வண்டி என்று காட்டும் ‘ஐ.என்.டி.’ ஒட்டியைப் பின்னால் ஒட்டியாயிற்று.

இனி ஒரு வேலைதான் பாக்கி. பாயை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போக முடியாது. ஆகவே சாரை மெக்கானிக் ஆக்க வேண்டும். பட்டறை வாசலில் முக்காலி போட்டு உட்காரவைத்து, கிளட்ச் கேபிளை அறுத்துவிட்டு, “இப்ப நீங்களே மாத்துங்க சார்” என்றார் பாய். கை முழுக்க கிரீஸ், நெற்றியில் வியர்வை. முதல் முறை அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாய் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தக் கேபிளையும் கழற்றிப்போட்டு மறுபடி மாற்றச் சொன்னார்.

செய்த வேலைகளின் விவரம் வண்டியோடு இருக்கட்டும் என்று சார் கேட்டுக்கொண்டதால், பாய் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்த சீல் எப்போது மாற்றியது, பேரிங் எங்கே வாங்கியது, சிலிண்டர் கடைந்த லேத்துக்காரர், தகடு வேலை செய்த மேஸ்திரி. இத்தனை ஆண்டுத் தொழிலில் இந்தப் பட்டறை வேலைக்கு எழுத்தில் கணக்கு வைத்தது இதுவே முதல் முறையாம். எந்த வண்டிக்கு என்ன செய்தோம் என்பது எல்லாம் பாய் ஒருவர் தலைக்குள்தான் இருக்கிறது. மகன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். பம்ப் அடிக்கிற பையன் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூமில் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறான். வெளிநாட்டு ராலி என்று ஒன்று வந்ததால்தான் இதைக் காகிதத்தில் எழுதும் தேவையே வந்தது. அங்கே பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, அந்த வகையில் இந்தப் பயணம் ஏற்கனவே லாபம்தான்.

தாளின் கீழே பாயின் பெயரையும் போன் நம்பரையும் எழுதப் போனேன். தடுத்தார்.

“எம் பேரு அங்க யாருக்கு சார் தெரியும்? கிளட்ச் கேபிள் மாத்துறத ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுதுங்க. அவரு மறந்துடுவாரு.”

நம்பர் போட்டு எழுதினேன். பெயரையும் எழுதினேன். பாய் தாளை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு, லேத்துக்காரர் இனிஷியல் தப்பு என்று திருத்தச் சொன்னார்.