அப்பாவின் கான்டெஸாவுக்கு ஐந்தாவது கியர்!

யூடியூபில் 'இந்தியன் மசில் கார்' என்று தேடிப் பாருங்கள். கான்டெஸா வந்து நிற்கும். நீளமான பானெட், அகலமான முகம், கறுப்புப் பெயின்ட் அடித்துப் பெரிய டயரையும் போட்டுவிட்டால் ஹாலிவுட் படத்தில் வருகிற வண்டி மாதிரியே இருக்கும். எங்கள் வீட்டு கான்டெஸாவும் வெளியிலிருந்து அப்படித்தான். பானெட்டைத் திறந்தால்தான் வண்டி பற்றித் தெரிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். உள்ளே இருப்பது அம்பாஸடர் எஞ்சின்! 1,489 சிசி, சுமார் 50 குதிரைத்திறன். மசில் எல்லாம் சட்டையில் மட்டும்தான்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் கம்பெனி 70-களில் விற்ற வி.எக்ஸ் என்ற காரின் அச்சுகளை இந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி வந்து, 1984-ல் கான்டெஸா என்று விற்பனைக்கு விட்டது. உடம்பு புதுசு. எஞ்சினோ அம்பாஸடரில் ஓடிக்கொண்டிருந்த அதே பி-சீரிஸ். பிறகு ஜப்பானின் இசுசூ நிறுவனத்தோடு கைகோத்து 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர் பாக்ஸும் வைத்த கான்டெஸா கிளாசிக் வந்தது. அதுதான் ஓடுகிற கான்டெஸா. எங்களுடையது அதற்கு முந்தையது. தாத்தா சங்கராபுரத்தில் ரைஸ் மில் நடத்திய காலத்தில், செகண்ட் ஹேண்டில் வாங்கிய நாலு கியர் வண்டி. மில் போய்விட்டது, தாத்தாவும் போய்விட்டார். வண்டி மட்டும் வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நிற்கிறது.

போன வருஷம் அதை விற்றுவிடலாம் என்று அப்பா முடிவெடுத்தார். காரணம், பாட்டி.

பாட்டிக்கு மாதம் ஒரு தடவை கண் பரிசோதனைக்குப் புதுச்சேரி போக வேண்டும். திருக்கோவிலூர், விழுப்புரம் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். முழங்கால் மடங்காது. பஸ்ஸில் ஏற முடியாது. டாக்ஸியில் வருகிற சின்ன காரில் காலை நீட்ட முடியாது. கான்டெஸாவின் பின் சீட்டில் சாய்ந்து, தலையணை வைத்து, காலை நீட்டிக்கொண்டு போகலாம். ஆனால், விழுப்புரம் தாண்டி நாலு வழிச்சாலை வந்ததும் வண்டி அலற ஆரம்பிக்கும். 75-ஐத் தொட்டால் பேச்சுக் கேட்காது. அதற்குக் கீழே ஓட்டினால் பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஹாரனிலேயே நம்மைத் தள்ளிவிடுவார்கள். "தலைக்குள்ள மில்லு ஓடுதுடா" என்று பாட்டி ஒருநாள் சொல்லிவிட்டார். மில் முதலாளியின் மனைவி சொன்னது என்பதால் அதில் மிகை இருக்காது!

வண்டி ஏன் அலறுகிறது? கொஞ்சம் கியர் கணக்குப் பார்க்கலாம், பயப்படாதீர்கள்.

எஞ்சின் சுற்றுகிற வேகம் அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. நடுவில் கியர்பாக்ஸ் இருக்கிறது. முதல் கியரில் எஞ்சின் மூன்று நாலு சுற்று சுற்றினால்தான் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிற புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். வேகம் குறைவு, இழுவை அதிகம். மேலே போகப் போக இந்த வித்தியாசம் குறைந்து, நாலாவது கியரில் ஒன்றுக்கு ஒன்று. எஞ்சின் ஒரு சுற்று, ஷாஃப்ட் ஒரு சுற்று. நாலு கியர் வண்டிக்கு அதோடு சரி. அதற்கு மேல் ஒரு கியர் வைத்து, எஞ்சின் ஒரு சுற்று முடிப்பதற்குள் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கும் மேலேயே சுற்றும்படி செய்தால், அதன் பெயர்தான் ஓவர்டிரைவ். நாலாவதில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். 0.85 விகிதத்தில் ஒரு ஐந்தாவது கியர் இருந்தால், அதே வேகத்துக்கு 2,550 போதும். பெயரில் 'ஓவர்' இருப்பதால் பறப்பதற்கான கியர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது எஞ்சின் மூச்சு வாங்குவதற்கான கியர்.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமில்லை. 60-களின் அமெரிக்க மசில் கார்கள், முஸ்டாங்கோ கமாரோவோ, பெரும்பாலும் மூன்று அல்லது நாலு கியர்தான். பெட்ரோல் தண்ணீர் விலைக்குக் கிடைத்த காலம், யாரும் கவலைப்படவில்லை. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்த பிறகுதான் ஓவர்டிரைவ் பற்றிய பேச்சு பெரிதானது. இன்றைக்கு அந்தப் பழைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் டிரெமெக் கம்பெனியின் ஐந்து, ஆறு கியர் பாக்ஸ்களை வாங்கி மாட்டுவது அங்கே தனி வியாபாரமாகவே நடக்கிறது. எங்கள் வண்டியின் எஞ்சினுக்கே வெளிநாட்டில் ஓர் அண்ணன் உண்டு. எம்.ஜி.பி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது இதே பி-சீரிஸ் குடும்பத்தின் 1,798 சிசி எஞ்சின். அதில் ஒரு சுவிட்சைத் தட்டினால் ஓவர்டிரைவ் விழும். அண்ணனுக்குக் கிடைத்தது தம்பிக்குக் கிடைக்கவில்லை. 80-களில் நம் சாலைகள் இருந்த லட்சணத்துக்கு யாரும் கேட்கவும் இல்லை.

எங்கள் ஊர் மெக்கானிக் பாயிடம் அப்பா விஷயத்தைச் சொன்னபோது, அவர் யோசிக்கவே இல்லை. "முதலாளி, 1.8 எஞ்சினும் பாக்ஸும் சேர்த்துத் தூக்கி வச்சுடலாம். கம்பெனியே வச்சதுதானே? நட்டுக்கு நட்டு உக்காந்துக்கும்" என்றார். சரியான யோசனைதான். ஆனால், அப்பா தலையாட்டவில்லை. "எஞ்சின் எங்கப்பா கைப்பட்டது பாய். அதுல கை வைக்க வேணாம்" என்றார். இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆர்.சி புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ அனுமதி, பதிவு என்று அலைய வேண்டும். கியர்பாக்ஸுக்கு ஆர்.சி.யில் நம்பர் கிடையாது. இருந்தாலும் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இன்ஷூரன்ஸிலும் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

செலவு என்னுடையது. "என்னாத்துக்கும்மா உனக்கு இது? சம்பளத்தச் சேத்து வை. வண்டி கேட்டு ஆள் வந்துட்டாங்க" என்றார் அப்பா. கள்ளக்குறிச்சியிலிருந்து ஒருவர் வந்து, எடைக்கு எடை பார்த்து ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன்.

நான் வேலை பார்ப்பது சென்னையில். வார விடுமுறையில் புதுப்பேட்டைக்குப் போனேன். தெரியாதவர்களுக்கு: உடைத்த வண்டிகளின் எந்த உறுப்பும் கிடைக்கிற இடம். மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து, பிரித்த கான்டெஸா கிளாசிக்கின் ஐந்து கியர் பாக்ஸ் ஒன்றைப் பிடித்தேன். வீடியோ கால் போட்டு, பாய் சொன்னபடி இன்புட் ஷாஃப்ட்டை அசைத்துக் காட்டினேன், ஒவ்வொரு கியராகப் போட்டுக் காட்டினேன். ஆயிலை விரலில் தொட்டு வெளிச்சத்தில் காட்டச் சொன்னார். பித்தளைத் துகள் மின்னினால் உள்ளே சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். மின்னவில்லை. 14,000 ரூபாய். சாக்கில் கட்டி, ஊருக்குப் போகிற பார்சல் லாரியில் ஏற்றிவிட்டேன்.

இனிமேல்தான் நிஜமான வேலை. புது பாக்ஸின் போல்ட் துளைகள் ஓர் இடத்தில், பழைய எஞ்சினின் துளைகள் வேறு இடத்தில். நடுவில் ஒரு கனமான இரும்புத் தகடு வேண்டும். ஒரு பக்கம் எஞ்சினுக்கும், மறுபக்கம் பாக்ஸுக்கும் துளை. சொல்ல எளிது. எஞ்சினின் கிராங்க்கும் பாக்ஸின் ஷாஃப்ட்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் கொஞ்ச நாளில் பேரிங் போய்விடும். கள்ளக்குறிச்சியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தோம். டிராக்டரும் கரும்பு டிப்பரும்தான் அவர்களுக்குச் சோறு போடுகின்றன. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என்று சுற்றிலும் சர்க்கரை ஆலைகள் இருக்கிற ஊர் அல்லவா? அந்த லேத்காரர் தகட்டை மாட்டி, டயல் கேஜ் வைத்து, முள் அசையாமல் நிற்கும்வரை நாலு தடவை கழற்றி மாட்டினார். கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. பீடி மட்டும் ஒன்று அணைந்தபடி உதட்டில் இருந்தது.

தகடு வந்ததும் பாக்ஸ் பின்னால் தள்ளிப் போயிற்று. அதனால் ஷாஃப்ட்டின் நுனி கிராங்க்கில் இருக்கிற புஷ்ஷை எட்டவில்லை. வெண்கலத்தில் நீளமாகப் புது புஷ் கடைந்தார்கள். கிளட்ச் பிளேட்டில் வெளி வட்டம் பழைய வண்டியுடையது, நடுவில் இருக்கிற பல் புது பாக்ஸுடையது. இரண்டையும் சேர்த்து ரிவெட் அடித்தார்கள். பாக்ஸைத் தாங்குகிற மவுண்டிங்கை வெட்டி வேறு இடத்தில் வெல்டு வைத்தார்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தைக் குறைத்து, பேலன்ஸ் பார்க்க சேலத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு மட்டும் ஒன்பது நாள். "அதை விட்டுட்டு ஓட்டினா என்ன பாய்?" என்று அப்பா கேட்டார். "ஓட்டலாம் முதலாளி. அறுபதுல பல்லு ஆடும். உங்களுக்கும் வண்டிக்கும்" என்றார் பாய்.

எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய். விற்க நினைத்த மாதம் மூன்று மாதமாக நீண்டது. கேட்டு வந்தவர் இரண்டு தடவை போன் செய்துவிட்டு அப்புறம் செய்யவில்லை.

அடுத்த முறை புதுச்சேரி போனபோது நானும் போனேன். விழுப்புரம் தாண்டியதும் அப்பா நாலாவதிலேயே போய்க்கொண்டிருந்தார். பழக்கம். "அப்பா, அஞ்சு" என்றேன். லீவரை வலப்பக்கம் தள்ளி மேலே போட்டார். சத்தம் ஒரு படி இறங்கியது. அவ்வளவுதான். சினிமாவில் வருகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஆனால், கண்ணாடிக்கு வெளியே காற்றின் சத்தம் முதல்முறையாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், பாட்டி வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா ரியர்வியூ கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி விற்பது பற்றி அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு வரவில்லை.

அதற்காக ஐந்தாவது கியரைத் தலையில் தூக்கி வைத்து ஆட மாட்டேன். 50 குதிரைத்திறனில் அதற்கு வலு கிடையாது. எதிர்க்காற்று அடித்தாலோ, ஒரு மேம்பாலம் ஏறினாலோ நாலுக்கு இறங்கிவிட வேண்டும். இறக்காமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் திணறும், சூடேறும். நகரத்துக்குள் அதற்கு வேலையே இல்லை. பொங்கலுக்கு எல்லோரும் கல்வராயன் மலை போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலை ஏறுகிறவரை இரண்டும் மூன்றும்தான். மலைக்கு இழுவைதான் வேண்டும், ஓவர்டிரைவ் பாக்ஸ் பாரம்தான்!

"மைலேஜ் கூடுமா?" என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒரு கணக்கு. அப்பாவின் நோட்டுப்படி லிட்டருக்கு 9 கிலோமீட்டர் இருந்தது 10 ஆகியிருக்கிறது. புதுச்சேரி போய்வர 220 கிலோமீட்டர் என்றால் இரண்டரை லிட்டர் கூட மிச்சமில்லை. இன்றைய விலைக்கு ஏறத்தாழ 250 ரூபாய். போட்ட 48,000-ஐ எடுக்க 190 தடவைக்கு மேல் போக வேண்டும். மாதம் ஒரு தடவை வீதம் 16 வருஷம். பணத்துக்காகச் செய்கிறவர்கள் செய்ய வேண்டாம்.

பழைய வண்டி விரும்பிகள் சிலர் என் இன்ஸ்டா போஸ்ட்டைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டார்கள். ஒரிஜினல் வண்டியைக் கெடுத்துவிட்டோமாம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் ஒரிஜினலாக இருக்கிற வண்டிக்குத்தான் 'வின்டேஜ்' அந்தஸ்து. முதல் கான்டெஸாவுக்கே அது 2034-ல்தான் வரும். அதனால்தான் பழைய பாக்ஸைத் தூக்கிப் போடவில்லை. கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி, கொட்டகைப் பரணில் வைத்திருக்கிறோம். எஞ்சினில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை. உடம்பில் மட்டும் நடுத்தரையில் லீவருக்காக அரை அங்குலம் வெட்ட வேண்டியிருந்தது. வேண்டுமென்றால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். ஆனால், ஒரிஜினலாகக் கொட்டகையில் நின்று, எடைக்குப் போயிருக்க வேண்டிய வண்டி அது. என் ஓட்டு ஓடுகிற வண்டிக்குத்தான்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் கேபிள் புது பாக்ஸின் பல்லோடு சேரவில்லை. முள் 80-ல் நின்றால் நிஜத்தில் 70-தான் போகிறோம். அதற்கு ஒரு குட்டி கியர் கடைய வேண்டும் என்கிறார் பாய். அதுவரை என் பழைய போனை டாஷ்போர்டில் ஒட்டி, ஜி.பி.எஸ் பார்த்து ஓட்டுகிறார் அப்பா. பாட்டிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "அந்தப் போன்காரி வழி சொல்லிக்கிட்டே வர்றா, தூங்கவே முடியல" என்கிறார்.