கருவறைக்கு எத்தனை வாட்ஸ்?

கோயிலுக்கு ட்யூப்லைட் வாங்கிக் கொடுத்தவர், ‘உபயம்’ என்று தன் பெயரை அதன் மேலேயே எழுதி, வந்த வெளிச்சத்தில் பாதியை மறைத்துவிடுவார் என்று ஒரு பழைய கேலி உண்டு. கேலி செய்தவர்கள் யாரும் அதிலிருந்த நன்மையைக் கவனிக்கவில்லை. பாதியாவது மறைந்ததே! இப்போது அதற்கும் வழியில்லை. எல்.இ.டி. வந்தபிறகு உபயதாரர் பெயர் பளிங்குப் பலகைக்குப் போய்விட்டது. விளக்கு தடையில்லாமல் எரிகிறது. மகாமண்டபத்தில் ஒரு வரிசை, அர்த்தமண்டபத்தில் ஒரு வரிசை, கருவறை நிலைக்கு உள்பக்கம் வெளியே தெரியாதபடி ஒரு பட்டை விளக்கு. எண்ணம் நல்லதுதான். வந்தவர்களுக்குச் சாமி பளிச்சென்று தெரிய வேண்டும். ஆனால் இந்த ஏற்பாட்டில் சாமி முன்பைவிடக் குறைவாகத்தான் தெரிகிறது என்பது என் கட்சி. பழமை போயிற்றே என்ற அங்கலாய்ப்பில் இதைச் சொல்லவில்லை. கண் வேலை செய்யும் விதத்தை வைத்துச் சொல்கிறேன். அதனால் கும்பிடாதவர்களுக்கும் இது பொருந்தும்.

சித்திரை மாத நண்பகல் வெயில் ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் பொருளின்மேல் விழவைப்பது சுமார் 1 லக்ஸ். இரண்டையும் ஒரே கண்ணை வைத்துக்கொண்டு சமாளிக்கிறோம். பாவை சுருங்கியும் விரிந்தும் இதைச் செய்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதன் பங்கு கொஞ்சம்தான். பாவை 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரிந்தாலும் உள்ளே வரும் ஒளி 16 மடங்குதான் கூடும்; வேண்டியதோ லட்சம் மடங்கு. மிச்ச வேலை விழித்திரையுடையது. அங்கே பகலுக்கென்று கூம்பு செல்கள் இருக்கின்றன. நிறமும் நுணுக்கமும் அவற்றின் பொறுப்பு. இருட்டுக்கென்று கோல் செல்கள் இருக்கின்றன. எண்ணிக்கையில் கூம்புகளைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல். நிறம் அவற்றுக்குத் தெரியாது, ஆனால் துளி வெளிச்சத்தையும் தவறவிடாது. ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூவர் 1942இல் வெளியிட்ட ஆய்வில், 5 முதல் 14 ஒளித்துகள்கள் வரை கோல் செல்களில் பட்டாலே மனிதருக்கு ‘ஏதோ மின்னியது’ என்று தெரிந்துவிடுவதாகக் கணக்கிட்டார்கள். இவ்வளவு நுட்பமான கருவி பகல் வெளிச்சத்தில் செயலற்றுப்போகிறது. அதிலுள்ள ரொடாப்சின் என்ற ஒளியுணர் நிறமி வெளுத்துவிடும்; திரும்ப ஊறி நிரம்ப அரைமணி நேரமாவது இருட்டு வேண்டும். ரொடாப்சினுக்கு மூலப்பொருள் வைட்டமின் ஏ. அது குறைந்தால் மாலைக்கண். மாலைக்கண் என்றதும் ‘சின்னத்தம்பி’ கவுண்டமணி நினைவுக்கு வந்து சிரித்துவிடுகிறோம். எங்கு பார்த்தாலும் விளக்கெரியும் ஊரில், நல்ல கண் உள்ளவர்களும் கோல் செல்களுக்கு வேலையே கொடுக்காமல் படுக்கப் போகிறோம் என்பதை யாரும் நோய்க்கணக்கில் சேர்ப்பதில்லை.

கோல் செல்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு. எதையாவது உற்றுப் பார்க்கும்போது நாம் பயன்படுத்தும் இடம் விழித்திரையின் நட்டநடு. அங்கே அவை கிடையாது. மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் காணாமல்போகும், பார்வையைச் சற்று ஒதுக்கினால் திரும்ப வரும். கல்யாணத்தில் பார்க்கச் சொல்லும் அருந்ததி இதற்கு நல்ல உதாரணம். சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வசிட்டரின் ஒளித்தரம் சுமார் 2, அருந்ததியுடையது சுமார் 4; எண் கூடினால் மங்கல் என்று பொருள். இருண்ட ஊரில் இரண்டையும் பிரித்துக் காண்பது எளிது. நகரத்து வானத்தில் அருந்ததி தெரிந்தால் ஆச்சரியம். முகூர்த்தம் காலையில் என்பதால் புரோகிதர் மண்டபத்துக் கூரையைக் காட்டுகிறார், மாப்பிள்ளையும் பெண்ணும் தலையாட்டுகிறார்கள், காரியம் முடிந்தது. ராத்திரி வெளியே அழைத்துப்போய்க் காட்டினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்குத் தாங்கள் வாழும் இடத்திலிருந்து பால்வீதி தெரியாது என்று 2016இல் வெளியான ஒளிமாசு வரைபடம் காட்டியது. நட்சத்திரம் எங்கும் போய்விடவில்லை. அதைப் பார்க்க வேண்டிய இருட்டைத்தான் விளக்குப் போட்டு மூடிவிட்டோம்.

கோயில் கட்டியவர்களுக்கு ரொடாப்சின் தெரியாது. ஆனால் அவர்கள் அமைத்த வரிசையைப் பாருங்கள். கோபுர வாசலில் கொளுத்தும் வெயில். கொடிமரம் தாண்டி மகாமண்டபத்தில், தூண்களுக்கிடையே சாய்வாக வரும் வெளிச்சம். அர்த்தமண்டபத்தில் அதுவும் இல்லை. கருவறைக்கு ஜன்னலே கிடையாது, வாசல் ஒன்றுதான். நடக்க நடக்க ஒளி படிப்படியாக இறங்குகிறது, கண்ணும் கூடவே இறங்கிப் பழகுகிறது. பொறியாளர் ஒருவர் குறுக்கிடலாம்: கல் உத்தரத்தை அகலமாகப் போட முடியாது, விமானத்தின் கனத்தைத் தாங்கச் சுவர் தடிமனாக இருந்தாக வேண்டும், அதனால் வந்த இருட்டுக்குப் போய்த் தத்துவம் கற்பிக்கலாமா என்று. பாதி நியாயம். இருட்டு முதலில் அப்படியே வந்திருக்கலாம். ஆனால் ஆண்டில் சில நாட்கள் மட்டும் சூரியக்கதிர் நேராக மூலவர்மேல் விழும் கோயில்கள் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் இருக்கின்றன. நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலில் அதை ஒரு விழாவாகவே கொண்டாடுகிறார்கள். நாள் குறித்து வெளிச்சத்தை உள்ளே அழைக்கத் தெரிந்தவர்கள், மற்ற நாட்களில் அதை வெளியே நிறுத்துகிறோம் என்று அறியாமலா இருந்திருப்பார்கள்?

தீபாராதனையை அருகில் நின்று கவனித்தால் விஷயம் விளங்கும். கருங்கல் மூலவர், எண்ணெய்க்காப்பு ஏறி ஏறி வழவழப்பாகியிருக்கிறார். அப்படிப்பட்ட பரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடாது. விளக்கு எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்து, ஓரிரண்டு இடங்களிலிருந்து மட்டும் பளீரெனத் திருப்பி அனுப்பும். திரை விலகுகிறது. அர்ச்சகர் அடுக்குதீபத்தைப் பாதத்துக்கு நேராகப் பிடிக்கும்போது கால்விரல் நுனிகளில் ஒரு வரிசை மினுக்கம். தீபம் ஏற ஏற, மினுக்கம் முழங்காலுக்கும், இடுப்பில் ஆடை மடிப்புக்கும், மார்புக்கும் நகர்கிறது. முகத்துக்குக் கீழே வரும்போது தாடையின் அடியில் வெளிச்சம், கண்குழியில் நிழல். வட்டமிட்டு மேலே போனதும் நிழல் இடம் மாறுகிறது, உதட்டோரம் இருந்த கோடு கரைகிறது. ‘சாமி சிரிச்சார்’ என்று சொல்லும் பாட்டி கதை விடவில்லை. நிழல் நகர்ந்ததை அவருடைய கண் முகத்தின் அசைவாகப் படித்துக்கொண்டது, அவ்வளவுதான். இனி, கருவறைக்குள் மேலே 20 வாட்ஸ் எல்.இ.டி. பட்டை எரியட்டும், அதே அர்ச்சகர் அதே தீபத்தைக் காட்டட்டும். ஏற்கெனவே கொட்டிக்கிடக்கும் வெளிச்சத்தோடு தீபம் சேர்ப்பது சொற்பம். எடையைக் கையில் தூக்கிப் பார்க்கச் சொல்லி எர்ன்ஸ்ட் வேபர் 19ஆம் நூற்றாண்டில் கண்டறிந்த விதி இது: எவ்வளவு கூடியது என்பது புலனுக்குப் பொருட்டில்லை, முன்பு இருந்ததில் எத்தனையில் ஒரு பங்கு கூடியது என்பதுதான் கணக்கு. மணி அடிக்கிறது, மேளம் முழங்குகிறது, தீபம் சுற்றி வருகிறது. கல்லில் எதுவும் நகர்வதில்லை. காட்டுவதற்காக ஏற்றிய விளக்கு எதையும் காட்டாமல், கையை நீட்டி ஒற்றிக்கொள்ளும் பொருளாக மட்டும் வெளியே வருகிறது.

வெளிச்சம் கூடினால் பார்வையும் கூடும் என்ற நம்பிக்கையை அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்தவர்கள் உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் வோல்ஃப்காங் மெட்ஸ்கர் 1930இல், பார்ப்பவரின் பார்வைப்புலம் முழுவதையும் ஒரே சீரான ஒளியால் நிரப்பினார். முன்னாலிருந்த பரப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாமல்போயிற்று. மூடுபனிக்குள் இருப்பதாக உணர்ந்தார்கள். பின்னால் நடந்த சோதனைகளில் சிலருக்கு, கண் திறந்திருக்கும்போதே பார்க்கிறோம் என்ற உணர்வு விட்டுப்போனது. இதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டியதில்லை. தேய்ந்த கல்வெட்டைப் படிப்பவர்கள் டார்ச்சை எழுத்துக்கு நேராகப் பிடிப்பதில்லை. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கிறார்கள். நேராக அடித்தால் கல் மட்டும் தெரியும். சாய்த்து அடித்தால் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு மயிரிழை நிழல் விழும்; நிழல் விழுந்ததும் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ எழுந்து வரும். ராஜராஜனின் நிவந்தத்தை வாசிப்பதே நிழலை வைத்துத்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்பாதையில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அவை அதுவரை தப்பித்திருந்ததற்கு மேலே பூசியிருந்த நாயக்கர் கால ஓவியம் ஒரு காரணம். நேர்வெயில் படாத இடம் என்பதும் உதவியிருக்க வேண்டும். காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸுக்கு மேல் கூடாது என்று அருங்காட்சியகங்கள் இன்று விதி வைத்திருக்கின்றன. நம் கைபேசிக் கேமராவுக்கு மட்டும் இதெல்லாம் புரிவதில்லை. இருட்டைக் கண்டால் ஏதோ குறை என்று நினைத்து, கேட்காமலே வெளுத்துக் கொடுக்கிறது. மணிரத்னம் படம் என்றால் ஒரே இருட்டு என்று ஒரு தலைமுறை கேலி செய்தது. அரங்கமே இருட்டாக இருந்தால்தான் எந்தப் படமும் தெரியும் என்பதை மறந்துவிட்டுச் செய்த கேலி.

இருட்டைப் புகழ்வது விளக்கு உள்ளவர்களுக்குச் சுலபம் என்பார்கள். உண்மை. தரையில் படுத்துத் தூங்குபவரைக் கட்டுவிரியன் கடிப்பது ராத்திரியில்தான். மண்ணெண்ணெய்ச் சிம்னியின் புகையில் படித்தவர்களுக்கு அந்த மங்கலில் அழகு எதுவும் தெரிந்திருக்காது. வேலை முடிந்து கடைசிப் பேருந்தில் இறங்கி நடக்கும் பெண்ணிடம் போய் நிழலின் நயத்தை விளக்கினால் செருப்பைக் கழற்றுவார். அவருக்கு விளக்கு வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட விளக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. முகத்துக்கு நேரே அடிக்கும் ஃபோகஸ் விளக்கு, தன் வட்டத்துக்கு வெளியே நிற்பவனைச் சுத்தமாக மறைத்துவிடுகிறது. அவளை அவன் நன்றாகப் பார்க்கலாம், அவனை அவள் பார்க்க முடியாது. தரையை நோக்கிக் கவிந்த, கண் கூசாத விளக்கு குறைந்த வாட்ஸிலேயே அதிகம் காட்டும். பாதுகாப்புக்கு நான் கேட்பதும் கருவறைக்கு நான் கேட்பதும் ஒன்றுதான்: விளக்கை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் விடுவது என்ற யோசனை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கருவறை இருட்டு ரகசியத்துக்குத் துணைபோயிற்று, ரகசியம் அதிகாரத்துக்குத் துணைபோயிற்று, பளிச்சென்று விளக்குப் போடுவது ஒரு விடுதலை என்பது. தமிழ்நாட்டில் இதை லேசாகத் தள்ள முடியாது. ஆனாலும் வரலாற்றைப் பார்த்தால், மக்களை வெளியே நிறுத்தியவர்கள் கோபுர வாசலில் நல்ல வெயிலில் நின்றார்கள். 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப்போனபோது உடைந்தது அந்த வாசல் தடை. அதற்கு விளக்கின் வாட்ஸைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. சாதியை முற்றாக மறுத்து, ஒளியையே கடவுளாகக் கொண்ட வள்ளலார் 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையைத் திறந்தார். அங்கே ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகள், அவற்றில் ஒன்று கறுப்பு. தைப்பூசத்தன்று ஏழும் விலகுகின்றன. திரைகளுக்கு அங்கே தத்துவ விளக்கம் உண்டு, அது வேறு. ஒளியை வழிபட்ட மனிதரே அதை நாளெல்லாம் திறந்துவைக்காமல் மறைத்துக் காட்டினார் என்பது மட்டும் எனக்கு இங்கே போதும்.

வயதானவர்களின் புகார்தான் எஞ்சுகிறது. அதற்கு வரலாறு பதிலாகாது. 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச்சேர்ந்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போகிறது. இருட்டுக்குப் பழகவும் அதிக நேரம் பிடிக்கிறது. ‘ஒண்ணும் தெரியலப்பா’ என்று பெரியவர் சொன்னால் அது நிஜம். ஆனால் புரை விழுந்த கண்ணுக்கு வெளிச்சக் குறைவைவிட எதிரே கூசும் விளக்கு பெரிய தொல்லை, வெண்படலமாகப் பரவி எல்லாவற்றையும் மறைத்துவிடும். அவருக்கு விளக்கு வேண்டிய இடம் படியும் தரையும். கருவறையைக் கழுவவும் அலங்காரம் செய்யவும் மின்விளக்கு எரியட்டும். திரை விலகுமுன் ஒரு சுவிட்சை அணைக்க யாருக்கும் கை வலிக்காது. கேரளத்தில் பெரும்பாலான கோயில்களில் ஸ்ரீகோவிலுக்குள் எண்ணெய் விளக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே யாரும் சாமி தெரியவில்லை என்று திரும்பிப் போவதாகத் தெரியவில்லை. தவிர, இருட்டு மிச்சமிருக்கும் நம் பழைய கோயில்களில் ஒரு வேடிக்கை நடக்கிறது. தர்ம தரிசன வரிசை மூடிய உள்பிரகாரத்தில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து வருவதற்குள் கோல் செல்கள் நிரம்பித் தயாராகிவிடுகின்றன. சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கியவர் வெயிலிலிருந்து இரண்டே நிமிடத்தில் சந்நிதிக்கு வந்து, வெளுத்த கண்ணோடு நின்று, எதுவும் சரியாகத் தெரியாமல், இன்னும் ஒரு லைட் போடக்கூடாதா என்று அர்ச்சகரைக் கேட்கிறார்.