தகட்டுக்குக் குறைக்கோணும், அம்மிணி!

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் திண்ணையில் உட்கார்ந்தால் மேட்டுப்பாளையம் ரயில் போகிற சத்தம் கேட்கும். 1873-லேயே போத்தனூரிலிருந்து வந்துவிட்ட பாதை. என் மாமனாருக்கு அந்தச் சத்தம்தான் கடிகாரம்.

முப்பது வருஷத்துக்கு மேல் பட்டறையில் தகடு வேலை பார்த்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, வலது கை திரும்பவில்லை.

அதற்கு முன்பே பேரனுக்கு ஒரு நிலக்கரி வேகன் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். கூட்ஸ் வண்டியில் வரிசையாகப் போகுமே, மேலே திறந்த பாக்ஸ்என் வேகன், அதுதான். அரை மில்லி பித்தளைத் தகடும் வரைபடமும் பரணில் கிடந்தன. ஒருநாள் யாருமில்லாத நேரத்தில் இடது கையால் வெட்டிப் பார்த்திருக்கிறார். அது வலது கைக்கான கத்தரி. இடது கையில் பிடித்தால் கத்தரியின் அலகே கோட்டை மறைத்துவிடும். கோணலாகப் போன தகட்டைக் குப்பைக்கூடையின் அடியில் செருகி வைத்திருந்தார். கூடையைக் கொட்டப்போன நான்தான் பார்த்தேன்.

"நான் வெட்டறனுங்க மாமா, நீங்க சொல்லுங்க" என்றேன். நான் தையல்காரி. கத்தரி எனக்குப் புதிதா என்ன?

அளவு 32-ல் ஒன்று. அசல் பெட்டியின் அகலம் 2.95 மீட்டர், எங்களுக்கு 92 மில்லி. பக்கச் சுவர் 61. இரண்டு பக்கமும் அடியும் ஒரே தகட்டில் வந்து, மடித்தால் தொட்டி மாதிரி நிற்க வேண்டும். கூட்டினால் 214. பழக்கதோஷத்தில் மடிப்புக்கு அரை இஞ்ச் சேர்த்துக் கோடு போட்டேன். மாமா சிரித்துவிட்டார். அவர் சிரித்து மாதக்கணக்காயிற்று.

"துணிக்குத்தான் கூட விடோணும். தகட்டுக்குக் குறைக்கோணும், அம்மிணி!"

மடிக்கும்போது தகட்டின் வெளிப்பக்கம் இழுபட்டு நீளுமாம். வெளி அளவை அப்படியே கூட்டி வெட்டினால், இரண்டு மடிப்புக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 மில்லி மிஞ்சிவிடும். 212 போதும் என்றார். நான் நம்பாமல் ஒரு துண்டை 214-லேயே வெட்டி மடித்தேன். பக்கச் சுவர் இரண்டும் கோட்டைத் தாண்டி நின்றன. அதன்பிறகு எதிர்த்துப் பேசவில்லை.

கத்தரியும் வேறு பாடம். துணியில் நுனிவரை மூடி வெட்டுவோம். தகட்டில் வாயை முழுசாக மூடினால் அந்த இடத்தில் சின்னப் படி விழுந்துவிடும். முக்கால்வாசி மூடு, திற, தள்ளு. கோட்டின் மேலேயே வெட்டக்கூடாது. ஒரு மயிரிழை தள்ளி வெட்டி, அரத்தால் கோட்டுக்கு வர வேண்டும். என் விரலில் இரண்டு பிளாஸ்திரி. மூன்று தகடு வீண். ஒவ்வொன்றுக்கும் மாமா "பரவால்ல" என்றார். வீட்டுக்காரர் மட்டும் பித்தளை என்ன விலை தெரியுமா என்றார்.

நாலாவது தகடு சரியாக வந்தது. நேற்று அதன் ஓரத்தை அராவ உட்கார்ந்தேன். தகடு மேசையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. பிடித்துக்கொள்ளப் பையனைக் கூப்பிட்டேன். அவன் டியூஷன் போயிருந்தான்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது கையால் தன் வலது கையைத் தூக்கித் தகட்டின் மேல் வைத்தார்.

"கனம் இருக்குதல்ல, அது போதும். நீ அராவு."