புனையா ஓவியம்

ஓவியம் பயிலப் புகும் சிறுவன் முதலில் தேடுவது ரப்பரை. ஒரு கோடு இழுப்பான், கோணிற்று என்று அழிப்பான், மீண்டும் இழுப்பான். தாள் தேயுமேயன்றிப் படம் வளராது. இது கைத்திறன் இன்மையால் வருவதன்று, அச்சத்தால் வருவது. பள்ளிக்கு வருமுன் வீட்டுச் சுவரெங்கும் யானையும் தேரும் கிறுக்கி மகிழ்ந்த அதே கை, கட்டம் போட்டு அச்சுப்படத்தைப் பெயர்த்தெழுதப் பழகியபின் நடுங்கத் தொடங்குகிறது. "எனக்கு வரைய வராது" என்று இளமையிலேயே பென்சிலைக் கீழே வைத்தவர் பலர். அவர்கள் அதனைப் பின்னர் எடுப்பதே இல்லை.

இந்நோயை அறிந்த ஆசிரியர் ரப்பரை வாங்கி வைத்துக்கொண்டு, மாணாக்கனை மயிலை மாட வீதிக்கு அழைத்துச் செல்வார். அங்கே முதியவள் ஒருத்தி பூத்தொடுத்துக்கொண்டிருப்பாள். "இரண்டு நிமிடத்தில் இவளை வரை" என்பார். சிறுவன் கண்ணில் தொடங்கி மூக்குக்கு வருமுன் காலம் கழிந்துவிடும். "தம்பி, முகத்தை விட்டுவிடு. வளைந்த முதுகுக்கு ஒரு கோடு. குனிந்த தலைக்கு ஒரு சுழி. நார் பிடித்த கைகளுக்கு இரண்டு கீற்று. பிறகு கூடை." மூன்றாம் தாளிலோ நான்காம் தாளிலோ முகமில்லாத அவ்வுருவம் பூத்தொடுக்கத் தொடங்கிவிடும். அவள் செய்யும் தொழில் முகத்தில் இல்லை. உடலின் சாய்வில் இருக்கிறது.

தளர்ந்த கோடு என்பது சோம்பற்கோடு அன்று. விடியலில் வாயில் தெளித்துக் கோலமிடும் பெண்ணைப் பார்த்தால் இது விளங்கும். விரலிடுக்கில் வழியும் மாவை அவள் அழித்து அழித்து இடுவதில்லை. மணிக்கட்டு மட்டுமா அசைகிறது? தோளும் இடையும் உடன் வளைகின்றன. சனவரித் திங்களில் மயிலைத் திருவிழாவை ஒட்டி வடக்கு மாட வீதியில் நடைபெறும் கோலப் போட்டி, படம் பயில்வோர்க்கு நல்லதொரு பள்ளிக்கூடம்.

வண்ணம் தீட்டாமல் வடிவை மட்டும் கோட்டால் காட்டும் படத்தைப் பழந்தமிழர் புனையா ஓவியம் என்றனர். நெடுநல்வாடையில் நக்கீரர், தலைவனைப் பிரிந்து அணிகலன் துறந்திருக்கும் அரசிக்கு அதனையே உவமை ஆக்கினார். நிறைவுறாத படம் என்று இகழ்ந்து கூறியதாக அதனைக் கொள்ளுதல் பொருந்தாது. அணி நீங்கியபின் எஞ்சும் வடிவே அங்குப் பேசுகிறது.

நம் காலத்தில் கோட்டின் ஆற்றலைக் காட்டியவர் கோபுலு (1924-2015). தஞ்சையிற் பிறந்து, குடந்தை ஓவியப் பள்ளியில் பயின்று, மாலியின் வழிகாட்டலில் ஆனந்த விகடனில் வரைந்தவர். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு அவர் தீட்டிய படங்களை மக்கள் மறக்கவில்லை. அவர்தம் நகைச்சுவைப் படங்கள் சிலவற்றில் ஒரு சொல்லும் இராது. நிற்கும் நிலையே நகைப்பை விளைவிக்கும். முதுமையில் பக்கவாதத்தால் வலக்கை செயலற்றபோது, அவர் இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். புகழின் உச்சியைக் கண்டவர் மீண்டும் தொடக்க மாணாக்கராய் அமர்வதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்!

மயிலையில் தேறியவனைத் தியாகராய நகருக்கு அழைத்துச் செல்லலாம். ரங்கநாதன் தெருவின் கூட்டத்தை ஆள் ஆளாக வரையப் புகுந்தவன் தோற்பான். தெருவை நிறைத்து அசையும் ஒரே உருவாய் அதனைக் கண்டு, மேலே சில தலைகளும் கீழே சில பைகளும் குறித்தால் போதும்.

அடையாற்று ஆலமரம் அதனினும் கடினம். பிரம்மஞான சபைத் தோட்டத்திலுள்ள அம்மரத்தை இலை இலையாக எழுதி முடித்தவர் யார்? கண்ணைச் சற்றே இடுக்கிப் பார்க்குமாறு ஆசிரியர் கூறுவார். அப்போது இலைகள் மறைந்து, இருளும் ஒளியும் இரண்டே பகுதிகளாய்த் தோன்றும். அதன் தாய்த்தண்டு 1989ஆம் ஆண்டு காற்றில் வீழ்ந்துவிட்டது. சுற்றிலும் விழுதுகளே தூண்களாய் நின்று மரத்தைத் தாங்குகின்றன. விழுதுகளை எல்லோரும் விரைவில் வரைந்துவிடுவர். நடுவில் உள்ள வெற்றிடத்தை ஒன்றும் எழுதாமல் விடுவதற்குத்தான் மாணாக்கனுக்கு நெடுநாள் ஆகிறது.