மணப்பாட்டில் கடைசி நாள் தூண்டில்

மணப்பாட்டில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று பூசையும் ஓய்வும்தான். நான்கு நாள் விடுப்பெடுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த எங்கள் ஐந்து பேருக்கும் சனிக்கிழமையோடு கடல் முடிந்துவிடும்.

விடிகாலை நாலு மணிக்குக் கரையில் நின்றோம். மாசிக் கடைசி. வாடைக் காற்று அடங்கி, கச்சான் காற்று இன்னும் கிளம்பாத நாட்கள். இந்தப் பக்கக் கடல் இவ்வளவு அமைதியாகக் கிடப்பது இந்தச் சில வாரங்கள்தான். ஐஸ் பெட்டி, இரைக்குக் கணவாய்த் துண்டுகள், ஆளுக்கொரு மிதவைச் சட்டை. படகுக்கார அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டு எஞ்சினை இழுத்தார். ஃபைபர் படகு அலையை ஏறித் தாண்டியது. அறுபதைக் கடந்தவர் அவர். தவக்காலம் என்பதால் நாற்பது நாளும் இறைச்சி தொடாமல் இருந்தார்.

ஒன்றரை மணி நேரம் கிழக்கே ஓடினோம். வெளிச்சம் வந்ததும் அண்ணாச்சி எங்களைப் பார்க்காமல் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணல் குன்றின் மேல் வெள்ளையாகத் திருச்சிலுவை ஆலயம். 1581-இல் எழுந்த அந்தக் கோயில் கடலில் இருப்பவனுக்கு அடையாளக் கல்லும்கூட. அதையும் தூரத்துப் பனங்கூட்டம் ஒன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவந்தார். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள். அவை எவை என்று சொல்லவில்லை. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எஞ்சினை அணைத்தார். பிறகுதான் ஜிபிஎஸ் கருவியை எடுத்துச் சரிபார்த்தார். நண்பர் ஒருவர் செல்போனைத் தூக்கியதும் திரையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"படம் மட்டும் வேண்டாம் தம்பி. இந்தப் பார் எங்க அப்பா காட்டுனது."

பார் என்றால் கீழே இருக்கும் பாறைத் திட்டு. ஆழம் 18 பாகம். ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் தூண்டில் நரம்பான தங்கூஸ் தொய்ந்தது. அரைப் பாகம் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தோம். அடுத்தடுத்து இரண்டு விளமீன் ஏறின. மூன்றாவதாக எனக்கு வந்தது ஒரு சின்னக் களவா.

முதல் மூன்று நாளும் சின்ன மீன் வந்தால் படம் எடுத்துவிட்டுக் கடலில் விட்டுக்கொண்டிருந்தோம். நல்ல காரியம் என்றே நம்பினோம். அன்றும் விட்டேன். ஆனால் அன்று, கடைசி நாள் என்பதாலோ என்னவோ, அடுத்த இரையை மாட்டாமல் அது போவதைப் பார்க்கக் குனிந்தேன். அது போகவில்லை. மல்லாந்து மிதந்தது.

கைவலையால் அள்ளி எடுத்தோம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். வெளிர் பழுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள். வயிறு ஊதி இறுகியிருந்தது, கண்கள் பிதுங்கியிருந்தன. வாயில் இளஞ்சிவப்பாக ஏதோ துருத்திக்கொண்டு நின்றது. நாக்கு என்று நினைத்தேன். உயிரியல் ஆசிரியரான நண்பர், "அது இரைப்பை" என்றார்.

மீனுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 18 பாகம் என்பது ஏறத்தாழ 33 மீட்டர். அங்கே இருப்பது மேலே உள்ளதைப் போல நாலு மடங்குக்கும் மேலான அழுத்தம். அந்த ஆழத்துக்கு அளவாக நிறைந்திருந்த காற்று, நாம் வெடுக்கென்று இழுத்ததும் நாலு மடங்காக விரிந்து இரைப்பையை வாய் வழியே வெளியே தள்ளிவிடுகிறது. மீன் முக்கினாலும் அதனால் தாழ முடியாது. வெயிலில் மிதந்து சாகும், இல்லையென்றால் கடற்காகம் கொத்தும்.

"மூணு நாளா நீங்க விட்டதும் இப்பிடித்தான்" என்றார் அண்ணாச்சி.

"முன்னாலேயே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி?"

"பாவம்னு விடுதீய. அதுல நான் என்னத்த சொல்ல?"

அந்தச் சொல் எங்களை உலுக்கிவிட்டது. மூன்று நாளில் எத்தனை விட்டோம் என்று எண்ணிப் பார்த்தோம். யாருக்கும் கணக்குத் தெரியவில்லை.

வழி இருக்கிறது என்றார் ஆசிரியர். பெரிய தூண்டில் முள் ஒன்றை எடுத்து, மீன் கழன்றுவிடாதபடி அதில் இருக்கும் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கி மழுக்கினார். தங்கூஸை முள்ளின் காதில் கட்டாமல் வளைவில் கட்டினார். காதில் ஒரு கிலோ ஈயக்குண்டைத் தொங்கவிட்டார். களவாவின் கீழ்த்தாடையில் ஏற்கெனவே விழுந்திருந்த துளையில் முள்ளை மாட்டி, தலைகீழாக மெல்ல இறக்கினோம். பத்து பாகம் தாண்டியபோது கையில் ஒரு துடிப்பு தெரிந்தது. அழுத்தம் ஏற ஏறக் காற்று சுருங்கி, மீன் உடம்பைத் திரும்பப் பெறுகிற துடிப்பு அது. தரை தட்டியதும் மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டினேன். முள் வெறுமையாக ஏறி வந்தது. கால் மணி நேரம் நீரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். எதுவும் மிதக்கவில்லை.

அண்ணாச்சி அந்த ஈயக்குண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒன்பது மணிவாக்கில் வங்கியில் வேலை பார்க்கும் நண்பரின் தூண்டிலைப் பெரிதாக ஏதோ வாங்கிக்கொண்டு பாறை இடுக்குக்குள் புகுந்துவிட்டது. அவர் இழுக்கப் பார்த்தார். "இழுக்காதீய, தொய்ய விடுங்க" என்று தடுத்தார் அண்ணாச்சி. தொய்ந்தால் ஆபத்து நீங்கியது என்று நினைத்துக் களவா தானாக வெளியே வருமாம். பத்து நிமிடத்தில் வந்தது. எட்டுக் கிலோ இருக்கும். களவா பிறப்பில் பெண். வளர்ந்து பருத்த பிறகே அவற்றில் சில ஆணாக மாறும். பெரியதையே தேடிப் பிடித்துக்கொண்டிருந்தால் பாரில் ஆண் மீன் அற்றுப்போகும் என்றார் ஆசிரியர்.

"கறிக்குக் காணும்" என்று அண்ணாச்சி தங்கூஸைச் சுருட்டத் தொடங்கினார்.

படகுக்கு மதியம் வரை பணம் கொடுத்திருந்தோம். கடைசி நாள். இனி அடுத்த வருடம்தான். ஐந்து பேரில் யாருக்கும் எழ மனமில்லை. ஆனாலும் ஒருவர் பின் ஒருவராகச் சுருட்டினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளைத்தான் நிறுத்துகிறது. எங்களைப் போன்ற விருந்தாளிகளின் தூண்டிலை அது நிறுத்தாது. நாங்களே நிறுத்தினால்தான் உண்டு.

பொழுதுபோக்காகக் கடலுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். ஆழத்திலிருந்து ஏற்றிய மீனை மேல்நீரில் விட்டால் அது விட்டதாகாது. மழுக்கிய முள் ஒன்றையும் ஈயக்குண்டையும் கையோடு கொண்டு போங்கள். அதைவிட முக்கியம், சமைக்கப் போதுமான மீன் கிடைத்ததும் பாரை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

எங்கள் ஈயக்குண்டு இப்போது எங்களிடம் இல்லை. அடுத்து வருகிறவர்களுக்கு ஆகும் என்று அண்ணாச்சி கேட்டு வாங்கிப் படகிலேயே வைத்துக்கொண்டார்.