ஆலய வேனும் எழுபது லிட்டர் டீசலும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. நம்ம ஆலய வேனைப் பத்தி வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு. அதில் என் பங்கும் இருக்கிறதாலதான் எழுதுறேன்.

தெரியாதவங்களுக்காக: நம்ம கோயில் ரந்தாவ் போற வழியில் தோட்டத்துக்குள்ளே இருக்கு. லயத்தில் ஜனங்க இருந்த காலத்தில் மணி அடிச்சா நடந்தே வந்துடுவாங்க. அப்புறம் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டாங்க, லயம் காலியாச்சு, ஆளுங்க செனவாங் பக்கம் தாமான்களுக்குக் குடி போயிட்டாங்க. அம்மா மட்டும் அங்கேயே இருக்கா. இப்போ நம்ம வீடுகளுக்கும் கோயிலுக்கும் 14 கிலோமீட்டர். பழைய ஆளுங்க கணக்கில் ஒன்பது கட்டைக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்காகத்தான் அந்தப் பழைய டீசல் வேனை வாங்கினோம். செவ்வாய், வெள்ளி சாயந்திரம் வயசானவங்க. ஞாயிறு காலையில் தேவார வகுப்புப் பிள்ளைங்க.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தனிநபருக்குக் கொடுத்த 200 வெள்ளி உதவித்தொகையும் நமக்கு இல்லை, வேன் ஆலயத்துப் பேரில் இருக்கு. மே மாதம் எண்ணெய்ச் செலவு 150 வெள்ளி 50 காசு. ஏறின பிறகு வந்த நாலு வாரத்துக்கு 234 வெள்ளி 50 காசு. நிர்வாகக் கூட்டத்தில் அந்த ரசீதுகளைப் பார்த்ததும் முகமெல்லாம் மாறிப்போச்சு.

ஒருத்தர் போனை எடுத்துக் கணக்குப் போட்டார். போக 14, வர 14, மொத்தம் 28. வாரத்துக்கு மூணு நாள், நாலு வாரத்துக்கு 12 நாள், ஆக 336 கிலோமீட்டர். எண்ணெய் 70 லிட்டர். வகுத்தா லிட்டருக்கு 4.8. “குலை ஏத்துற லாரிகூட இதைவிட நல்லா ஓடுமே” என்றார். இன்னொருத்தர், “28 கிலோமீட்டர், அறுபதில் போனா அரை மணி நேரம். இவருக்கு ஏன் ஒரு மணி நேரம் ஆகுது? எங்கே சுத்துறார்?” என்று கேட்டார். திருடினார்னு யாரும் வாயால சொல்லலை. சொல்லத் தேவையும் இருக்கலை.

வேன் ஓட்டின அண்ணன் ஒரு காசு வாங்காம ஓட்டினவர். வாசல் பக்கம் உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தார். நான் ஃபேக்டரியில் தினமும் ஒரு மெஷின் மணிக்கு எத்தனை பீஸ் போடுதுன்னு கணக்கு எடுக்கிறவன். அன்னிக்கு எனக்கும் அந்தக் கணக்கு சரியாத்தான் பட்டது. தலையை ஆட்டினேன், மினிட்ஸில் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் சாவி மடப்பள்ளி ஆணியில் தொங்கிச்சு.

அடுத்த செவ்வாய் ஓட்ட ஆள் இல்லாம நானே எடுத்தேன். புறப்படும்போது மீட்டரைப் பார்த்தேன். அப்போதான் மண்டையில் உறைச்சது. வேன் நிக்கிற இடம் நம்ம வீடு இல்லை, கோயில். கோயிலிலிருந்து காலியா செனவாங் போகணும், ஆளுங்களை ஏத்திக்கிட்டு வரணும். பூஜை முடிஞ்சு கொண்டுபோய் விடணும், மறுபடியும் காலியா கோயிலுக்குத் திரும்பணும். பதினாலு நாலு தடவை, 56 கிலோமீட்டர். பன்னிரண்டு நாளுக்கு 672. எழுபது லிட்டரில் வகுங்க, 9.6 வரும்.

அதோட விடலை. ஒரே ஸ்டேஷன், ஒரே பம்பு, துப்பாக்கி தானா நிக்கிற வரைக்கும் நிரப்பினேன். ஒரு வாரம் ஓட்டினேன். மீட்டரில் 171 கிலோமீட்டர். மறுபடியும் நிரப்பினப்போ 17.8 லிட்டர் பிடிச்சது. அதே 9.6தான். ஆக எண்ணெய் எங்கேயும் ஒழுகலை. லிட்டருக்கு 1 வெள்ளி 20 காசு ஏறிச்சு, எழுபது லிட்டருக்கு 84 வெள்ளி. ரெண்டு ரசீதுக்கும் உள்ள வித்தியாசம் சரியா அந்த 84தான்!

நேரக் கணக்கும் அப்படியே. வேன் செனவாங் போய்ச் சேர 20 நிமிஷம். ஆளுங்களை ஏத்திக்கிட்டுத் திரும்பறப்போ 40 நிமிஷம், ஏன்னா அது ஃபேக்டரி விடுற நேரம். அந்த ஜாமை உண்டாக்குறதில் எங்க ஃபேக்டரி பஸ்ஸும் சேர்த்தி. போகும்போது மணிக்கு 42, வரும்போது 21. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி 31.5ன்னு சொல்லக்கூடாது. மெதுவா போறப்போ அதிக நேரம் ரோட்டில் இருக்கோம். 28 கிலோமீட்டர் ஒரு மணி நேரத்தில், அதனால் சராசரி 28தான்.

“மெதுவா ஓட்டியே எண்ணெயை எரிக்கிறார்” என்றும் ஒரு பேச்சு, தைப்பூசத்துக்குப் பத்துமலை போனதை வச்சு. ஜாமில் ஊர்ந்தா எண்ணெய் வீணாகும், அது உண்மை. ஹைவேயில் அப்படி இல்லை. காத்து எதிர்த்துத் தள்ளுறது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்தபடி கூடும். 90இல் போறதைவிட 110இல் போனா காத்தோட எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நம்ம வேனோ அலமாரி மாதிரி உயரம். 60 கிலோமீட்டர் ஹைவேக்கு 90இல் 40 நிமிஷம், 110இல் 33 நிமிஷம். மிச்சமாகிற ஏழு நிமிஷத்தைப் பத்துமலையில் பார்க்கிங் தேடியே தொலைச்சிடுவோம். (சிரம்பானில் ஏறினா கொமுட்டர் நேரா பத்துமலையில் இறக்கி விடுது. அடுத்த வருஷம் அதையும் யோசிக்கலாம்.)

ஒரு விஷயம் மட்டும் மறைக்காம சொல்லணும். பாட்டிங்க எல்லாரும் வந்து ஏறுற வரைக்கும் அண்ணன் இன்ஜினை அணைக்காம ஏர்கான் போட்டு வச்சிருப்பார். அதில் கொஞ்சம் எண்ணெய் போகத்தான் செய்யுது. நானும் அப்படியேதான் செய்றேன். எண்பது வயசு அம்மாவை வெந்துபோன வேனில் உட்கார வைக்க எனக்கு மனசு வரலை.

போன ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கணக்கைக் காட்டினேன். அவர் உள்ளே போய் ஒரு 555 நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு தடவை எண்ணெய் ஊத்தினப்பவும் தேதி, லிட்டர், மீட்டர் நம்பர், எல்லாம் பென்சிலில் எழுதி வச்சிருக்கார். “அன்னிக்கு இது என் பையிலதான் இருந்துச்சு தம்பி. யாரும் கேக்கலையே” என்றார். மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார். திரும்ப ஓட்ட வாங்கண்ணேன்னு கூப்பிட்டதுக்கு, முட்டி வலின்னு சொல்லிட்டார்.

நிர்வாகத்துக்கு: அந்த மினிட்ஸில் போட்ட என் கையெழுத்தை நான் திரும்ப எடுத்துக்கிறேன். வர்ற கூட்டத்தில் கணக்குத் தப்புன்னு எழுத்தில் பதிவாகணும், அவர் முன்னாடியே வாசிக்கணும். 555 நோட்டு என்கிட்ட இருக்கு, யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமையும் ஞாயிறும் நான் ஓட்டுறேன். செவ்வாய்க்கிழமை எனக்கு மதிய ஷிப்ட், ஆள் வேணும். வேன் கோயிலிலிருந்து அஞ்சு நாப்பதுக்குக் கிளம்பணும். முடிஞ்சவங்க இன்பாக்ஸில் சொல்லுங்க.