சொன்னது உண்மைதானே?

ஆங்கிலத்தில் ‘ஸ்கண்டல்’ என்கிறோமே, அதன் மூலம் கிரேக்கம். பொறி, காலை இடறும் தடை என்று பொருள். அவதூறைக் குறிக்கும் ‘ஸ்லாண்டர்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான்.

துருக்கியர் ‘ஸ்கண்டல்’ என்பதைப் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஊர்வம்புக்கு அவர்களது சொல் ‘தெதிகொது’. ‘தெதி’ என்றால் ‘சொன்னான்’. யார் சொன்னான் என்று யாரும் கேட்பதில்லை! புறம் பேசுவதற்கு ‘கீபெத்’, இட்டுக்கட்டுவதற்கு ‘இஃப்திரா’. இரண்டும் அரபியிலிருந்து போனவை. கீபத் நமக்கும் தெரிந்த சொல்தான்.

“உண்மையைத்தானே சொன்னோம்?” என்போம். நபி (ஸல்) அவர்களிடமும் இதே கேள்வி கேட்கப்பட்டது. சொன்ன குறை அவரிடம் இருந்தால்தான் அது கீபத், இல்லாவிட்டால் அவதூறு என்று விளக்கினார்கள்.

சென்ற தவணை ஒரு மாணவியைப் பற்றிய ஸ்க்ரீன்ஷொட் நமது வட்ஸ்அப்புக்கும் வந்தது. நாம் எதையும் சோடிக்கவில்லை. “இது உண்மையா?” என்று கேட்டு இன்னொருவருக்கு அனுப்பினோம், அவ்வளவுதான். பிள்ளை இரண்டு வாரம் பாடசாலைக்கு வரவில்லை.

இந்தச் சொற்களுக்கெல்லாம் வகுப்பில் பொருள் எழுதிக் கொடுத்தவர்களும் நாம்தான். இடறி விழுந்தது அவள். பொறி வைத்தவர்களில் நாமும் ஒருவர்.

தவ்பாச் செய்தால் மட்டும் போதாது. நாளை அவளது வீட்டுக்குப் போய் உம்மாவிடமும் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்கப் போகிறோம். துஆச் செய்யுங்கள்.